ஏறி இறங்கும் எண்ணோடு ஓர் இல்லறம்

கை முறிந்தவரைக் கண்டால் வழிவிடுகிறோம். காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து இரங்குகிறோம். கண்ணுக்கும் கைக்கும் புலப்படுகின்ற நோய்க்கு உலகம் உடனே இடங்கொடுத்துவிடுகிறது. புலப்படாத நோயின் நிலை வேறு. இம்மாதம் தணிந்து அடுத்த மாதம் தலைதூக்கும் நோய் ஒன்று வீட்டிலுள்ள ஒருவருக்கு வந்துவிட்டால், அவர் நோயோடு மட்டுமன்றி, "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்ற கேள்வியோடும் போராட வேண்டியிருக்கிறது. அத்தகைய நோய் ஒன்று எங்கள் இல்லத்தில் புகுந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதனோடு வாழக் கற்றுக்கொண்ட விதத்தையும், கற்றுக்கொள்ளுமுன் நாங்கள் செய்த பிழைகளையும் நம் சங்க அன்பர்கள் முன் வைப்பது யாருக்கேனும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

மழைக் காலத்தில் வந்த ஐயம்

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. பிழைப்பின் பொருட்டு மும்பைக்கு வந்து செம்பூரில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 2016-ஆம் ஆண்டு மழைக் காலத்தில் ஒரு நாள், எம் இல்லத்தரசியின் கணுக்காலுக்கு மேல் ஊசிமுனையளவு சிவந்த புள்ளிகள் தோன்றின. கொசுக்கடி என்று எண்ணினோம். ஆனால் அவற்றில் அரிப்பு இல்லை. விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை. இரண்டொரு நாளில், மின்சார இரயிலின் நெரிசலில் யாரோ இடித்த தோள் உள்ளங்கையகலத்திற்குக் கருநீலமாகக் கன்றிப்போயிற்று. பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிந்தது. அவர் ஒரு பள்ளியில் ஆசிரியை. தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்று நாளைக் கடத்தினார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

மும்பையில் மழைக் காலம் வந்தால் டெங்குக் காய்ச்சலும் கூடவே வரும். ஆகவே தெருமுனை மருத்துவர் முதலில் அதனையே ஐயுற்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். 'பிளேட்லெட்' எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கை 18,000 என்று வந்தது. டெங்குச் சோதனையோ இல்லையென்று காட்டியது, காய்ச்சலும் இல்லை. டெங்குவில் வீழ்ந்த எண் காய்ச்சல் தணிந்த சில நாட்களில் தானாகவே எழுந்துவிடும். இங்கே அது எழவில்லை. பின்னர் இரத்த நோய் மருத்துவரிடம் சென்றோம். அவர் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி உருப்பெருக்கியில் பார்த்தார். ஈரல் அழற்சிக் கிருமி முதலிய பல காரணங்களுக்கும் சோதனை செய்வித்தார். அவையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கப்பட்ட பின்னரே 'ஐ.டி.பி.' என்னும் பெயரைச் சொன்னார். இந்நோயை மட்டும் ஐயமறக் காட்டிக்கொடுக்கும் தனிச் சோதனை ஏதும் இல்லை. மற்றவை இல்லையென்று தெளிந்த பிறகே இது உண்டென்று கொள்கிறார்கள்.

தட்டணு என்பது யாது?

நம் ஊர்ப்பக்கம் மழைக் காலத்தில் குளத்துக் கரை உடைப்பெடுத்தால், ஊரார் மண்மூட்டைகளோடு ஓடிவந்து அடைப்பார்கள் அல்லவா? அப்பணியைக் குருதிக் குழாய்களில் செய்பவை தட்டணுக்கள். உடம்பில் சிறு கீறல் விழுந்தாலும் அவை விரைந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உடைப்பை அடைக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இவை ஏழு முதல் பத்து நாட்கள் வரையே வாழ்கின்றன. நலமாயிருப்பவருடைய ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை இவை இருக்கும்.

ஐ.டி.பி.யில் நிகழ்வது ஒரு விபரீதம். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, கரையடைக்க ஓடிவரும் ஊராரையே கள்வரென்று எண்ணிப் பிடித்துவிடுகிறது. அவ்வாறு பிடிபட்ட தட்டணுக்கள் பெரும்பாலும் மண்ணீரலில் அழிக்கப்படுகின்றன. மஜ்ஜையும் இழப்பை ஈடுசெய்யும் அளவுக்குப் புதியவற்றைப் பிறப்பிப்பதில்லை. எண்ணிக்கை 1,00,000-க்குக் கீழே இறங்கி, வேறு காரணமும் காணப்படாதபோது இந்நோய் எனக் கொள்கின்றனர். குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலோரிடம் சில மாதங்களில் தானே விலகிவிடும். பெரியவர்களிடமோ பெரும்பாலும் தங்கிவிடுகிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கினால் நாட்பட்டது என்பர். இது தொற்று நோயன்று, புற்றுநோயும் அன்று. இவ்விரண்டையும் உறவினர்களுக்கு எத்தனை முறை எடுத்துரைத்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

இந்நோய் புதியதன்று. ஜெர்மனியின் ஹானோவர் நகரத்து மருத்துவர் வெர்ல்ஹாஃப் 1735-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்து எழுதினார். அவர் காலத்தில் தட்டணு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இத்தாலி நாட்டுப் பிட்சொசேரோ 1882-இல் தட்டணுக்களின் பணியை விளக்கினார். 1916-இல் பிராக் நகரில் கஸ்நெல்சன் என்னும் மருத்துவ மாணவர், மண்ணீரலை எடுத்துவிட்டால் நோய் தணியக்கூடும் என்று கூறினார். அவ்வாறே செய்து பலனும் கண்டனர். 1950-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் செய்த செயலோ மெய்சிலிர்க்க வைப்பது. நோயாளியின் குருதியிலேயே தட்டணுக்களை அழிக்கும் பொருள் ஒன்று இருக்கிறதா என்று அறிய, அக்குருதியைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்திற்குள் அவருடைய தட்டணுக்கள் வெகுவாக வீழ்ந்து, வலிப்பும் கண்டது. நல்வாய்ப்பாகச் சில நாட்களில் தேறினார். காரணம் தெரியாத நோய் என்ற பொருளில் முன்பு 'இடியோபதிக்' என்று வழங்கிய பெயர், இன்று உடற்காவலின் பிழையால் வருவது என்று பொருள்படும் 'இம்யூன்' என மாறியிருப்பதற்கு அன்று அவர் காட்டிய சான்றும் ஒரு காரணமாகும்.

எண்ணை நம்பிச் செய்த பிழை

நோயின் பெயர் தெரிந்ததும் எங்கள் வீட்டில் ஓர் அரசன் முடிசூட்டிக்கொண்டான். அவன் பெயர் எண். பரிசோதனைத் தாள் வரும் மாலை வேளையில் வீடே மூச்சடக்கிக் காத்திருக்கும். எண் ஏறியிருந்தால் அன்று பாயசம்; இறங்கியிருந்தால் பேச்சற்ற இரவு. நோயாளியின் முகத்தைப் பார்ப்பதை விட்டுத் தாளையே பார்க்கப் பழகிவிட்டோம்.

2017-ஆம் ஆண்டில் ஒரு முறை எண் 22,000-க்கு இறங்கிற்று. ஆனால் உடலில் புதிய புள்ளி ஒன்றும் இல்லை, ஈறுகளில் கசிவில்லை, அவரும் உற்சாகமாகவே இருந்தார். மருத்துவருக்குத் தெரிவித்தோம். அவர் மருந்தின் அளவை மாற்றி, நெரிசலான இரயிலைச் சில நாட்கள் தவிர்க்கச் சொல்லி, மற்றபடி நடமாடலாம் என்றார். எங்களுக்கு மனம் கேட்கவில்லை. காய் நறுக்கக் கத்தியைத் தொடவிடவில்லை, வாசல் தாண்டவிடவில்லை. பத்து நாட்கள் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் போல் கட்டிலில் இருத்திவைத்தோம். "நோய் என்னைக் கட்டிப்போடவில்லை; நீங்கள்தான் கட்டிப்போட்டீர்கள்" என்று அவர் பின்னொரு நாள் கூறினார்.

அதற்கு மறுதலையான பிழை 2018-இல் நேர்ந்தது. ஊரில் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். புறப்படுவதற்கு முன் பார்த்த எண் 1,10,000. நாங்கள் மகிழ்ந்து போனோம். அவரோ, "என்னவோ, எழுந்து நிற்கவே மலைப்பாயிருக்கிறது, இம்முறை நான் வரவில்லை" என்றார். நாங்கள் தாளை எடுத்து நீட்டினோம். எண் இவ்வளவு நன்றாயிருக்கையில் என்ன அசதி என்று வாதாடினோம். உறவினர் தவறாக எண்ணுவார்கள் என்றோம். இரண்டு இரவு இரயில் பயணம். இறங்கியதும் ஓய்வின்றிக் கல்யாண வீட்டு வேலை. முகூர்த்தத்திற்கு முந்திய இரவு, பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களின் நடுவே அவர் சுவரில் சாய்ந்தபடியே சரிந்துவிட்டார்.

உள்ளூர் மருத்துவமனையில் பார்த்தபோதும் எண் 1,00,000-க்கு மேலேயே இருந்தது. இரத்தக் கசிவும் எங்கும் இல்லை. ஆபத்தில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு அவர் அழுதார். "எண் நன்றாயிருக்கிறது, நான் நன்றாயில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அப்போது அருகில் அமர்ந்திருந்த எங்கள் தாயார் மெல்ல எழுந்து, மருமகளின் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடத் தொடங்கினார். "விடுங்க அத்தை" என்று அவர் பதறினார். "சும்மா படும்மா. மேலுக்கு முடியலன்னா முடியலதான். அதுக்குச் சீட்டா காட்டணும்?" என்றார் தாயார். மருத்துவம் படித்தவர்கள் சொல்லியும் எங்களுக்கு ஏறாத பாடம் அந்த ஒரு சொல்லில் ஏறியது.

அசதி என்னும் சொல்

மும்பைக்குத் திரும்பியதும் இதனை மருத்துவரிடம் விரிவாகக் கூறினோம். இந்நோய் உள்ளவர்களுக்கு அசதி மிகப் பரவலாகக் காணப்படுவது என்றும், அது எண்ணோடு எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை என்றும், எண் சீராக இருக்கும்போதும் அசதி நீடிக்கலாம் என்றும் அவர் விளக்கினார். மருந்துகளும் உறக்கக் கேடும் மனக்கவலையும் அதற்குத் துணைபோகலாம். மாதவிலக்கில் மிகுதியான போக்கு உள்ள பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைந்து சோகை உண்டாவதும் ஒரு காரணம். சோதித்தபோது எம் இல்லத்தரசிக்குச் சோகையும் இருந்தது தெரிந்தது. நாணத்தால் அவர் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டிருந்த செய்தி அது. போக்கைக் குறைக்கவும் இரும்புச் சத்தை ஈடுசெய்யவும் மருந்துகள் உண்டு. இதனைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும் என்று நம் பெண்மக்களை வேண்டிக்கொள்கிறோம்.

சோகை என்ற செய்தி கேட்டு எங்கள் தாயாருக்குப் பெருமிதம். தொடக்கம் முதலே ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவந்தவர் அவர். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். மருமகளின் தட்டணுக்களை மண்ணீரல் அழிக்கிறது என்று கேட்டபின் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்கியிருந்தார். அது தட்டணுக்களை ஏற்றாது. ஆனால் இரும்புச் சத்து நிறைந்த உணவே. மருந்தோடு அதுவும் இலைக்கு வந்தது.

அயலூரில் வாழும் நமக்கு இங்கு ஓர் இடர் உண்டு. அசதி, சோர்வு, தளர்ச்சி, ஆயாசம், மேலுக்கு முடியாமை என்று நம் தாய்மொழியில் வகைவகையாக நாம் உணர்வதையெல்லாம், இங்கே 'கம்ஜோரி' என்ற ஒரே இந்திச் சொல்லில் அடக்கிவிடுகிறோம். கேட்பவர் அதனைப் பொதுவான பலவீனம் என்று கொண்டு சத்து மருந்து எழுதித் தந்துவிடுகிறார். ஆகவே நாங்கள் பெயர் சொல்லுவதை விட்டுச் செயல் சொல்லப் பழகினோம். "முன்பு இரண்டு மாடி நிற்காமல் ஏறுவார், இப்போது முதல் மாடியில் அமர வேண்டியிருக்கிறது." "நான்கு வகுப்புகள் நின்று பாடம் நடத்துவார். இவ்வாரம் இரண்டாம் வகுப்பிலேயே நாற்காலி தேடுகிறார்." இவ்வாறு சொன்னால் எந்த மொழியிலும் பொருள் மாறுவதில்லை.

நாட்காட்டியும் டம்ளரும்

அடுக்களைச் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியை எங்கள் நோய்க் குறிப்பேடாக்கினோம். சிவப்புப் பேனாவால் புதிய புள்ளிகளும் கன்றல்களும். நீலப் பேனாவால் அன்றைய தெம்பு, பத்துக்கு எத்தனை என்று. பரிசோதனை செய்த நாளில் மட்டும் கறுப்பில் எண். ஆறு மாதத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது பல செய்திகள் விளங்கின. சளிக் காய்ச்சல் வந்த பின் எண் இறங்குகிறது. மருந்தைக் குறைக்கும் வாரங்களில் தெம்பு குறைகிறது. 60,000-க்கும் 75,000-க்கும் இடையே அது ஊசலாடுவதில் பொருளேதும் இல்லை. ஒரே மனிதரின் எண் நாளுக்கு நாள் மாறுவது இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகமும் சிறிது மாறும். ஒரு தாளைக் கண்டு நடுங்குவதினும் தாள்கள் செல்லும் திசையை நோக்குவதே அறிவுடைமை.

நாட்காட்டிக்குத் துணையாக ஒரு வழக்கமும் தோன்றியது. காலையில் எழுந்ததும் தெம்பில்லை என்றால், எம் இல்லத்தரசி அலமாரியில் தம்முடைய எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதற்குமேல் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அடுப்பு, துணி, கடை எல்லாவற்றையும் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வோம். நோயாளிக்கு நோயைவிடக் களைப்பூட்டுவது, ஒவ்வொரு நாளும் தம் களைப்புக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருப்பதுதான். டம்ளர் அந்தச் சுமையை இறக்கியது.

மருந்துகளைப் பற்றி

பெரியவர்களுக்கு எண் 30,000-க்கு மேல் இருந்து, இரத்தக் கசிவும் இல்லையாயின், பெரும்பாலும் மருந்தின்றிக் கண்காணித்து வருவதே போதுமானது. எண்ணை இயல்புக்குக் கொண்டுவருவதன்று சிகிச்சையின் நோக்கம். ஆபத்தான கசிவு நேராமல் காப்பதே. மருந்து வேண்டியவர்களுக்கு முதலில் தருவது ஸ்டீராய்டு. அது விரைவாக வேலை செய்யும். அதற்கு விலையும் உண்டு. முகம் உப்பியது, உறக்கம் கெட்டது, சர்க்கரை ஏறியது, சிறு சொல்லுக்கும் சினமும் அழுகையும் வந்தன. அது மருந்தின் வேலையென்று தெரியாமல் நாங்கள் பதிலுக்குச் சினந்ததும் உண்டு. ஸ்டீராய்டைத் தம் விருப்பம்போல் திடீரென நிறுத்துதல் கூடாது. மருத்துவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

எண் மிகவும் தாழ்ந்து விரைவில் உயர்த்த வேண்டியபோது இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை நரம்பில் ஏற்றுகின்றனர். இதனை 1981-இல் சுவிட்சர்லாந்தின் இம்பாக் குழந்தைகளிடம் பயன்படுத்திப் பலன் கண்டு வெளியிட்டார். ரிட்டுக்சிமாப் என்பதும் வழக்கில் உள்ளது. மண்ணீரலை அகற்றும் அறுவையும் இன்னும் உண்டு. அதற்கு முன்னரே சில தடுப்பூசிகள் போட்டுக்கொள்ள வேண்டும். 2008 முதல் மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுக்களைப் பிறப்பிக்கும் மருந்துகளும் வந்துள்ளன.

அவற்றுள் ஒன்றான எல்ட்ரோம்போபாக் மாத்திரை எங்கள் வீட்டு உணவு நேரத்தையே மாற்றியமைத்தது. பால், தயிர், மோர் முதலிய சுண்ணச் சத்துள்ள பொருள்கள் அதன் ஆற்றலைத் தடுத்துவிடும். அவற்றை உண்டபின் நான்கு மணி நேரம் கழித்தோ, உண்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ மாத்திரையை விழுங்க வேண்டும். விடிந்ததும் காபி, பகலில் மோர்ச்சோறு, மாலையில் மீண்டும் காபி என்றிருக்கும் தமிழ்க் குடும்பத்தில் இதற்கு இடமெங்கே? ஆராய்ந்து பார்த்து, மாலைக் காபியோடு அன்றைய பால் பொருள்களை முடித்துக்கொண்டு, இரவு இட்டிலிக்குத் தயிரைத் தொடாமல், படுக்கும் முன் பத்து மணிக்கு மாத்திரை என்று மருத்துவரின் ஒப்புதலோடு வகுத்துக்கொண்டோம். தொடக்கத்தில் மருந்து பலிக்கவில்லை என்று வருந்தியதற்கு இரவுப் பாலே காரணமாயிருந்தது என்பது பின்னர்தான் விளங்கிற்று.

தவிர்க்க வேண்டியவை

ஒரு நாள் பல்வலிக்கு அண்டை வீட்டார் அன்போடு கொடுத்த வலி மாத்திரையை எம் இல்லத்தரசி விழுங்கிவிட்டார். அன்றிரவு மூக்கிலிருந்து வழிந்த குருதி நிற்க வெகுநேரமாயிற்று. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் எஞ்சியிருக்கும் தட்டணுக்களின் ஒட்டும் ஆற்றலையும் கெடுப்பவை. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமாலே பொதுவாக ஏற்றது. சதையில் போடும் ஊசியும், மருத்துவர் அறியாமல் பல் பிடுங்குதலும் கூடா. மூக்கில் குருதி வந்தால் தலையை அண்ணாந்து கொள்ளாமல், சற்று முன்குனிந்து அமர்ந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

பப்பாளி இலைச் சாற்றைப் பரிந்துரைக்காத உறவினர் எங்களுக்கு இல்லை. டெங்குவுக்கு அது பரவலாகப் பேசப்படுவதால் இதற்கும் ஆகும் என்று எண்ணுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு நோய்கள், ஐ.டி.பி.க்கு அது மருந்தென்று நிலைநாட்டப்படவில்லை. அவ்வாறே, "தட்டணுவை வெளியிலிருந்து ஏற்றிவிட்டால் தீர்ந்தது" என்பதும் தவறான எண்ணம். ஏற்றுகின்றவற்றையும் உடல் விரைவில் அழித்துவிடும். ஆகவே கடுமையான கசிவின்போது மட்டுமே அதனைச் செய்வர்.

இன்னொன்றும் அறியத்தக்கது. ஒரு முறை புதிய ஆய்வகம் ஒன்று 9,000 என்று எழுதிக் கொடுத்து எங்களைக் கலங்கடித்தது. மருத்துவர் கண்ணாடித் தகட்டில் பார்த்து, எடுத்த இரத்தத்தில் தட்டணுக்கள் திரண்டு கட்டியாகிவிட்டதால் கருவி எண்ணத் தவறியது என்றார். வேறு குப்பியில் மீண்டும் எடுத்தபோது 64,000 இருந்தது. உடலுக்கும் தாளுக்கும் பொருந்தாதபோது மறுமுறை சோதிக்கச் சொல்லுதல் நன்று.

அயலூர்க் குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டியவை

உற்றார் உறவினர் சூழ்ந்திருக்கும் ஊரில் வாழ்வோருக்கும், மூடிய கதவுகளுக்குள் தனித்து வாழும் நமக்கும் வேற்றுமை உண்டு. ஆகவே முன்னேற்பாடு இன்றியமையாதது. நோயின் பெயர், உண்ணும் மருந்துகள், கொடுக்கலாகாத மருந்துகள், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழோடு ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எழுதிய சீட்டு ஒன்றை நோயாளி எப்போதும் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். இரயிலில் மயங்கி விழுந்தால் அருகிலிருப்பவர் தமிழராயிருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. ஊருக்குப் போகும்போது பழைய பரிசோதனைத் தாள்களின் நகலும், திரும்பும் நாள் வரைக்கும் மட்டுமன்றி ஒரு வாரத்திற்கு மேலதிகமாகவும் மருந்தும் உடன் இருக்கட்டும்.

தலையில் அடிபட்டாலோ, இதுவரை இல்லாத கடுந்தலைவலியும் வாந்தியும் கண்டாலோ, பார்வை மங்கிப் பேச்சுக் குழறினாலோ, மலம் கருத்துப் போனாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, வாயினுள் இரத்தக் கொப்புளங்கள் தோன்றினாலோ, இருபது நிமிடம் அழுத்தியும் மூக்குக் குருதி நிற்காவிட்டாலோ, எண் என்னவென்று ஆராயாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடல் பேசும் நேரத்தில் தாளுக்காகக் காத்திருத்தல் கூடாது.

பணியிடத்திலும் சொல்லிவைப்பது நலம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரத்த நோய்களுள் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாளணு நோய் ஆகிய மூன்றையே பட்டியலிட்டுள்ளது, ஐ.டி.பி. அதில் இல்லை. ஆதலால் இந்நோயாளிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உடன் பணிபுரிவோரின் நல்லெண்ணமே. எம் இல்லத்தரசி முதலில் மறைத்தார்; கையிலுள்ள கன்றல்களைக் கண்டு சக ஆசிரியைகள் வேறுவிதமாக ஐயுறத் தொடங்கினர். உண்மையைச் சொன்ன பிறகு, வகுப்பில் ஒரு நாற்காலியும், காலை நெரிசலுக்குப் பின் வர அரை மணி நேரச் சலுகையும் கிடைத்தன. வரன் தேடும் இல்லங்களும் இதனை மறைக்க வேண்டாம். இந்நோய் உள்ள பெண்கள் மணந்து, தக்க கண்காணிப்போடு மகப்பேறும் காண்கின்றனர். மறைத்து நடக்கும் மணத்தில் மருந்தை ஒளித்து உண்ண நேர்வதே பேராபத்து.

இன்று எங்கள் இல்லத்தில் எண் 50,000-க்கும் 90,000-க்கும் இடையே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. முற்றிலும் விலகிற்றென்று சொல்வதற்கில்லை. விலகுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதையும் விட்டுவிட்டோம். எம் இல்லத்தரசி பள்ளிக்குச் செல்கிறார். நல்ல நாட்களில் வாசலில் பெரிய கோலமே இடுகிறார். சென்ற பொங்கலன்று அடுக்களைக்குள் நுழைந்தபோது டம்ளர் கவிழ்ந்திருந்தது. பண்டிகை நாளாயிற்றே என்று யாரும் முணுமுணுக்கவில்லை. மகன் பால் பொங்கவிட்டான். தாயார் இருந்த இடத்திலிருந்தே பக்குவம் சொன்னார். கோலம் சற்றுக் கோணலாகத்தான் அமைந்தது. பத்து மணிக்கு எழுந்து வந்தவர் அதைக் கண்டு சிரித்துவிட்டார். அன்று அவருடைய எண் என்ன என்பது எங்களுக்குத் தெரியாது. அதனை அறிய யாருக்கும் தோன்றவுமில்லை.

நம் குடும்பங்களில் யாரேனும் புலப்படாத நோயோடு வாழ்ந்துவரலாம். "முடியவில்லை" என்று அவர்கள் சொல்லும்போது, தாளைக் கேட்பதற்கு முன் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். மருத்துவம் தன் பணியைச் செய்யட்டும். நம்புகின்ற பணி நம்முடையது.